தோண்டாமல் காப்பது எப்படி: ஸ்மால் வோர்ல்டு பொகோனியா களக் கையேடு

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வடக்கே மெய்ன் முதல் தெற்கே ஜார்ஜியா வரை, மரநிழலில் வளரும் சாண் உயரச் செடி இது. பெயரில் உள்ள 'வோர்ல்டு' (whorled) தண்டைச் சுற்றி வட்டமாக நிற்கும் இலைகளைக் குறிக்கிறது. தாவரவியல் பெயர் ஐசோட்ரியா மெடியோலாய்ட்ஸ். ஆர்க்கிட் என்றதும் கண்முன் வரும் பகட்டு எதுவும் இதற்குக் கிடையாது. வெளிர்பச்சைத் தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி ஐந்தாறு இலை, நடுவில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பூ, எப்போதாவது இரண்டு. மணமும் இல்லை.

1982 செப்டம்பரில் அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ச் சேவை இதை 'அழியும் நிலையில் உள்ளவை' பட்டியலில் சேர்த்தது. 1985-இல் மீட்புத் திட்டம் வந்தது. 1992-இல் அதைத் திருத்தினார்கள். 1994-இல் செடி ஒரு படி இறங்கி 'அச்சுறுத்தலுக்கு உள்ளானவை' பட்டியலுக்கு மாறியது. இந்தப் பட்டியலில் படி இறங்குவதுதான் நல்ல செய்தி. அந்த இறக்கம் புது இடங்களைத் தேடிக் கண்டுபிடித்ததாலும், கண்டுபிடித்த நிலத்தைக் காப்பாற்றியதாலும் வந்தது. யாரும் தொட்டியில் வளர்த்துக் காட்டில் நட்டதால் வரவில்லை. காட்டுநிலம் வைத்திருப்பவர்கள், நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைத் தன்னார்வலர்கள், கட்டுமானத் திட்டங்களுக்காகச் செடி தேடும் தாவரவியலாளர்கள் ஆகியோர் கையில் இருக்க வேண்டிய விவரங்களை மட்டும் கீழே தருகிறோம்.

முதலில், அதுதானா என்று பாருங்கள்

பூவை நம்பாதீர்கள். பூ சில நாள்தான் நிற்கும். பூக்காத செடிகளே அதிகம். தண்டைப் பாருங்கள். இதன் தண்டு தடிப்பாக, உள்ளே குழலாக, வெளியே மயிர் இல்லாமல், திராட்சைமேல் படிந்திருக்கும் வெண்சாம்பல் மாதிரி ஒரு மெழுகுப் பூச்சோடு இருக்கும். நிறம் வெளிர்பச்சை.

அதிகம் ஏமாற்றுவது இண்டியன் குக்கும்பர் ரூட் என்கிற மெடியோலா. அதே காடு, அதே உயரம், அதே குடை. ஆனால் அதன் தண்டு கம்பி போல மெலிந்து விறைப்பாக இருக்கும். குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் சிலந்தி நூல் ஒட்டினது போலப் பஞ்சுமயிர் தெரியும். பூக்கும் மெடியோலாவுக்கு இரண்டு அடுக்குக் குடை உண்டு, மேலடுக்கில் பெரும்பாலும் மூன்று இலை. அடுத்தது இதன் நெருங்கிய உறவான பெரிய வோர்ல்டு பொகோனியா. அதன் தண்டு செவ்வூதா. பூவின் புல்லிதழ்களும் ஊதா சாயலோடு நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறியதன் புல்லிதழ் பச்சைதான், நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். காய்த்த பிறகு வந்தால் காயின் காம்பைப் பாருங்கள். சிறியதில் காம்பு காயைவிடக் குட்டை, பெரியதில் காயைவிட நீளம்.

தேட வேண்டிய இடம் ஆதிகாலத்துப் பெருங்காடு அல்ல. ஒருகாலத்தில் வெட்டி, மறுபடி எழுந்த இரண்டாம் தலைமுறைக் காடுகளில்தான் இது பெரும்பாலும் கிடைக்கிறது. லேசான சரிவு, மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் மெல்லிய தடம், பழைய மரவண்டிப் பாதையின் ஓரம், கீழ்ப்புதர் அதிகம் இல்லாத சருகுத் தரை, மேலே வானம் கொஞ்சம் தெரியும் இடைவெளி ஆகியவற்றைத் தேடுங்கள். மண் அமிலத்தன்மை மிகுந்தது, சத்துக் குறைவானது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பகுதியில் மண்ணுக்குக் கீழே நீர் இறங்காத கெட்டி அடுக்கு இருக்கும் சரிவுகளில் அடிக்கடி காணலாம். நீர் அந்த அடுக்கின்மேல் பக்கவாட்டில் கசிந்து போவதால் மேல்மண் ஈரமாகவே இருக்கும்.

தெற்கே ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை பூக்கும். வடக்கே மே கடைசி முதல் ஜூன் நடுவரை. தேடும்போது வரிசையாக, ஆளுக்கு ஆள் மூன்று நான்கு மீட்டர் இடைவெளியில் மெல்ல நடங்கள். ஒரு செடி கண்ணில் பட்டதும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அடுத்த அடி வைக்கும் முன் காலைச் சுற்றி ஒரு மீட்டரைக் கண்ணால் துழாவுங்கள். முதல் செடியைப் பார்த்த ஆர்வத்தில் ஓடிப்போய் இரண்டாவதை மிதிப்பதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்யும் பிழை.

ஒருமுறை போய்க் காணாததை வைத்து 'இங்கே இல்லை' என்று எழுதிவிடவும் கூடாது. இந்தச் செடி ஒரு வருடமோ சில வருடங்களோ தண்டே விடாமல் மண்ணுக்குள் உறங்கி, பிறகு எழும். வெர்மான்ட் மாநிலத்தில் 1902-க்குப் பிறகு யாரும் இதைக் காணவில்லை. 2022-இல் வினூஸ்கி பூங்கா நிலம் ஒன்றில் அது மறுபடி உறுதியானது, அதுவும் ஆர்வலர்கள் கொடுத்த துப்பினால்.

கண்டுபிடித்த அன்று

பறிக்காதீர்கள், மாதிரிக்காக இலைகூட எடுக்காதீர்கள். நாலு படம் போதும்: முழுச் செடி பக்கவாட்டில், தண்டு நெருக்கத்தில், இலைக்குடை மேலிருந்து, சுற்றுக்காடு. அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் பிடியுங்கள். இலையைத் திருப்பிப் பிடித்து எடுத்த படம் அழகாக இருக்கும். ஆனால் குடை மடங்கினால் அந்த வருடத்துக்குச் செடிக்கு வேறு இலை கிடையாது. ஒரு தண்டு, ஒரு குடை, அதோடு சரி.

இடத்தை மாநில இயற்கைப் பாரம்பரியத் திட்ட அலுவலகத்துக்கும் மீன் மற்றும் வனவுயிர்ச் சேவையின் கிளை அலுவலகத்துக்கும் மட்டும் தெரிவியுங்கள். கைபேசிப் படத்துக்குள் இடக்குறியீடு ஒளிந்திருக்கும், வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அதை நீக்குங்கள். கண்ட உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இப்படிப்பட்ட அரிய செடிகளின் புள்ளியைத் தானே மங்கலாக்கிக் காட்டும். ஆனால் அங்கே புள்ளியை மறைத்துவிட்டு, குறிப்பில் 'பாலத்திலிருந்து இடப்பக்கம் இருநூறடி' என்று எழுதினால் மறைத்து என்ன பயன்? சேகரிப்பாளர்கள் தோண்டிக்கொண்டு போனது இந்தச் செடியின் பழைய துயரங்களில் ஒன்று.

சட்டம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

1973-ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் சட்டம் விலங்குகளுக்குத் தரும் காவலைச் செடிகளுக்குத் தருவதில்லை. நிலத்துக்காரர்கள் பலருக்கும் இது தெரியாது. செடி இருப்பது வெளியே தெரிந்தால் நிலமே பறிபோகும் என்று சிலர் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று வேறு சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

கூட்டாட்சி அரசின் நிலத்தில் இந்தச் செடியைப் பிடுங்கி எடுப்பதும் வேண்டுமென்றே சிதைப்பதும் குற்றம். தனியார் நிலத்தில், மாநிலச் சட்டத்தைத் தெரிந்தே மீறியோ அத்துமீறி நுழைந்தோ பிடுங்கினால்தான் கூட்டாட்சிச் சட்டம் உள்ளே வரும். உங்கள் சொந்த நிலத்தில் நீங்கள் மரம் வெட்டுவதை இந்தச் சட்டம் நேரடியாகத் தடுப்பதில்லை.

ஆனால் கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ ஒரு வேலையைத் தொட்டால் கதை மாறும். ஈரநிலத்தை நிரப்ப ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி கேட்கும் வீட்டுமனைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி அந்த அனுமதி தரும் துறை முதலில் மீன் மற்றும் வனவுயிர்ச் சேவையைக் கலந்து பேச வேண்டும். திட்டக்காரர் செய்ய வேண்டியது, சேவையின் 'ஐபேக்' இணையக் கருவியில் நிலத்தின் எல்லையை வரைந்து அங்கே எந்த இனங்கள் இருக்கக்கூடும் என்ற பட்டியலை எடுப்பது. இந்தச் செடி அதில் வந்தால், கிளை அலுவலகம் சொல்லும் பருவத்துக்குள் தகுதியுள்ள தாவரவியலாளரை வைத்துத் தேட வேண்டும். பருவம் தவறி இலையுதிர் காலத்தில் ஆள் அனுப்பினால் அந்த அறிக்கை செல்லாது, ஒரு வருடம் வீணாகும். ஆகவே ஐபேக் பட்டியலைக் குளிர்காலத்திலேயே எடுத்துவிடுங்கள்.

தனியார் நிலத்துக்கு நிலையான வழி பாதுகாப்பு உரிமைப் பத்திரம். நிலம் உங்களுடையதாகவே இருக்கும். அதில் வீடு கட்டும் உரிமை, மொட்டையாக வெட்டும் உரிமை போன்றவற்றை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கோ அரசுக்கோ எழுதிக் கொடுப்பீர்கள். அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்து வாங்குபவரையும் கட்டும். தானமாகக் கொடுத்தால் கூட்டாட்சி வருமான வரியில் கழிவு கேட்கலாம். எழுதும்போது ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: 'இந்த ஆர்க்கிட்டின் நலனுக்காக மரங்களைத் தேர்ந்து அகற்ற அனுமதி உண்டு.' அந்த வரி இல்லாமல் 'ஒரு மரமும் வெட்டக் கூடாது' என்று பத்திரம் போட்டுவிட்டால், பின்னால் வெளிச்சம் குறையும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நிலம் வாங்கவோ கண்காணிக்கவோ மாநிலத்துக்குப் பணம் வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவின் நிதி இருக்கிறது. செலவில் குறைந்தது 25 சதவீதத்தை மாநிலத் தரப்பு போட வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கைகோர்த்தால் 10 சதவீதம் போதும்.

எண்ணிக்கை

மீட்புத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1992 திட்டத்தின் கணக்கில் ஓர் இடம் நிலைக்கக்கூடியது என்று சொல்ல, மூன்று வருடத்துக்கு வெளிவந்த தண்டுகளின் பெருக்குச் சராசரி 20 இருக்க வேண்டும். அவற்றில் குறைந்தது 25 சதவீதம் பூத்திருக்க வேண்டும். பட்டியலிலிருந்து முழுதாக நீக்குவதற்கு அதே அளவுகோலைப் பத்து வருடக் கண்காணிப்பில் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட 61 இடங்கள் நிரந்தரப் பாதுகாப்பில் இருக்க வேண்டும். அவை செடியின் பரவல் பகுதிகளில் விகிதப்படி பிரிந்தும் இருக்க வேண்டும்.

சாதாரண சராசரியை விட்டுவிட்டுப் பெருக்குச் சராசரியை ஏன் பிடித்தார்கள்? ஓர் இடத்தில் மூன்று வருடத்தில் 60, 20, 4 தண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி மூன்றால் வகுத்தால் 28 வரும், இடம் செழிப்பாகத் தெரியும். பெருக்கி முப்படி மூலம் எடுத்தால் 17-ஐ எட்டவில்லை, தேறாது. ஒரு நல்ல வருடம் இரண்டு மோசமான வருடங்களை மறைக்க இந்தக் கணக்கு விடாது. ஒரு வருடம் எண்ணாமல் விட்டு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் எழுதினால் பெருக்கல் முழுதும் பூஜ்யமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். போகாத வருடத்துக்குக் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு செடிக்கும் எண் போடுங்கள். எண் பொறித்த அலுமினியத் தகட்டை நாகமுலாம் பூசிய ஆணியில் கோத்து, தண்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, எல்லாச் செடிக்கும் ஒரே திசையில், வடக்கு என்றால் எல்லாம் வடக்கில், தலை மண்மட்டத்தில் இருக்கும்படி இறக்குங்கள். திசை மாறினால் அடுத்த வருடம் அது யாருடைய ஆணி என்று தெரியாமல் போகும். ஆணியைத் தண்டை ஒட்டி அடித்தால் ஆழமில்லாமல் பரவும் வேரில் இறங்கும். இடத்தின் இரு முனைகளில் இரும்புக் கம்பி முளை நட்டு, இரண்டிலிருந்தும் டேப் பிடித்து ஒவ்வொரு செடியின் தூரத்தையும் குறித்துவிட்டால், சருகு மூடினாலும் தேடி எடுக்கலாம். வண்ணக் கொடிகளை எண்ணும் நேரத்துக்கு மட்டும் குத்தி, கிளம்பும்போது எண்ணிப் பார்த்துப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

பூக்கும் பருவத்தில், வடக்கே என்றால் ஜூனில், ஒரு பார்வை, காய் முற்றும் செப்டம்பரில் இன்னொரு பார்வை. முதல் பார்வையில் இலை மட்டும் உள்ளதா, மொட்டு வைத்துக் கருகி நின்றதா, பூத்ததா, தலை கடிபட்ட மொட்டைத் தண்டா என்று நாலு வகையாகப் பிரித்து எழுதுங்கள். கருகிய மொட்டைப் பூவோடு சேர்த்து எழுதிவிட்டால் அந்த 25 சதவீதக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. தண்டின் உயரம், இலைக்குடையின் குறுக்களவு இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். குடை வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தால் எண்ணிக்கை குறைவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். அந்த 'ஏதோ' பெரும்பாலும் வெளிச்சம்தான்.

வெளிச்சம் திறப்பது

சுற்றிக் காடு வளர வளர மேல்விதானம் மூடும். முதலில் பூ நிற்கும், பிறகு தண்டு குறையும், கடைசியில் செடி மண்ணுக்குள் போய்விடும். வேலி போட்டுக் காவல் வைத்து எதையும் தொடாமல் விட்ட இடங்கள்கூடத் தேய்வதற்கு இதுவே முக்கியக் காரணம். நியூ இங்கிலாந்திலும், வர்ஜீனியாவின் ஏ.பி. ஹில் ராணுவத் தளத்திலும் ஆய்வாளர்கள் விதானத்தின்மேல் கவனம் வைத்ததற்குக் காரணமும் இதுதான்.

அரசு நிலமாக இருந்தால் எழுத்து அனுமதி, தனியார் நிலமாக இருந்தால் மாநிலத் தாவரவியலாளரின் ஆலோசனை. இது இல்லாமல் கத்தியைத் தொடாதீர்கள். பிறகு ஜூனில், இலை முழுதாக விரிந்தபின், மேகம் சீராக மூடிய நாளில் செடியின் உயரத்தில் கேமராவை மட்டம் பார்த்து வைத்து, மீன்கண் லென்ஸால் நேர்மேலே படம் எடுங்கள். வெயில் நாளில் எடுத்தால் இலைகள் வெளுத்து, மூடிய வானமும் திறந்த மாதிரி கணக்கு காட்டும். இந்தப் படம்தான் பின்னால் ஒப்பிட உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி.

எந்த மரத்தை எடுப்பது? பெரிய மரத்தில் ஆரம்பிக்காதீர்கள். செடியின் தெற்குப் பக்கம் நிற்கும் இளங்கன்றுகளையும் இடையடுக்கு மரங்களையும் கைவாளால் அறுத்தாலே சில இடங்களில் போதுமான வெளிச்சம் வரும். அதற்குமேல் வேண்டுமானால் இனம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்த ஆர்க்கிட் பிழைப்பது தன் வேரில் வாழும் பூஞ்சைகளின் துணையால்தான். அவை ருசுலா குடும்பத்தைச் சேர்ந்தவை; ஓக், பீச், பைன், ஹெம்லாக் போன்ற மரங்களின் வேரோடு உறவு கொண்டு வாழ்பவை. அந்த மரத்தைக் கொன்றால் பூஞ்சைக்குச் சோறு போடுகிறவரையே கொன்றதாகும். சிவப்பு மேப்பிளும் டூலிப் மரமும் வேறு வகைப் பூஞ்சையோடு வாழ்கிறவை, ஆகவே முதலில் அவற்றில் கை வைப்பதுதான் புத்தி.

பெரிய மரத்தை வெட்டிச் சாய்த்தால் அது விழும் பாதையும் இழுக்கும் தடமும் சருகுத் தரையைக் குலைக்கும். அதனால் நிற்கவைத்தே காயவிடும் முறை நல்லது. மார்பளவு உயரத்தில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு வளையம், மரத்தைச் சுற்றி முழுதாக, பட்டையைத் தாண்டி வெள்ளைக்கட்டைக்குள் ஓரிரு சென்டிமீட்டர் இறங்கும்படி வெட்டுங்கள். விரல்கடை அளவு பட்டை எங்காவது தொடர்ந்து நின்றாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். சிவப்பு மேப்பிள் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும், அதை வருடா வருடம் கழிக்க வேண்டும். துளிரை அடக்கக் களைக்கொல்லி தெளிக்கலாமே என்று தோன்றும். இந்த இடத்தில் வேண்டாம். காய்ந்த மரம் சில வருடத்தில் தானே விழும் என்பதால் நடைபாதை ஓரத்து மரத்துக்கு இந்த முறை ஆகாது.

இதையெல்லாம் குளிர்காலத்தில், மண் உறைந்து, செடி தரைக்கு மேல் இல்லாதபோது செய்யுங்கள். அதுவும் இடத்தின் ஒரு பாதியில் மட்டும். மறு பாதியைத் தொடாமல் விட்டால்தான் மாற்றம் வெட்டியதால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்று சொல்ல முடியும். முதல் கோடையில் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடத்துக்கான மொட்டு முந்தின கோடைக் கடைசியிலேயே செடியில் உருவாகிவிடுகிறது; புது வெளிச்சம் அதற்கடுத்த மொட்டில்தான் தெரியும். பொறுமை இழந்து இரண்டாம் வருடமே இன்னும் நாலு மரத்தை எடுத்தால் பெரணியும் முட்புதரும் வந்து தரையை மூடும், சருகு காயும். பிறகு நிழலில்லாத கஷ்டம்.

மான், பன்றி, நத்தை

வெள்ளைவால் மான் ஒரு கடியில் குடையோடு பூவையும் எடுத்துவிடும். ஒற்றைச் செடிக்குக் கம்பிவலைக் கூண்டு போதும். காய்க்கும்போது செடி 35 சென்டிமீட்டர் வரை எழும்பும் என்பதால் கூண்டின் உயரம் 45-க்குக் குறையக் கூடாது. சுவர் தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் 30 தள்ளி நிற்கட்டும். கூரைக்கும் வலை வேண்டும், மான் மேலிருந்துதான் மேயும். சுவருக்கு நெருக்கமான கண்ணும் கூரைக்கு அகன்ற கண்ணும் உள்ள வலையாகப் போட்டால் கூரையில் சருகு தங்காது. சருகு தங்கினால் நாம் திறந்த வெளிச்சத்தை நாமே மூடிய கதைதான். காய் வெடித்துத் தூசி போன்ற விதை பறந்தபின் கூரையைக் கழற்றுங்கள். பனி படிந்த கூரை குளிர்காலத்தில் அமிழ்ந்து கூண்டையே நசுக்கிவிடும்.

தெற்கு மாநிலங்களின் காட்டுப்பன்றிக்குக் கூண்டு ஒரு பொருட்டே இல்லை, வேரோடு உழுதுவிடும். அங்கே பொறி வைத்துப் பிடிப்பதை வனத்துறையிடம் விடுவதே வழி. ஓடில்லா நத்தையை மாலையில் கையால் எடுத்து அகற்றுங்கள். உப்பும் நத்தை மருந்தும் மண்ணுக்குள் போகும், மண்ணுக்குள் பூஞ்சை இருக்கிறது.

விதையும் நடவும்

'பக்கத்துக் காட்டுக்கு நாலு செடியை மாற்றி வைத்தால் என்ன?' என்ற கேள்வி தவறாமல் வரும். பூஞ்சையை விட்டுப் பிரிந்த செடி சேமித்ததைத் தின்று ஓரிரு வருடம் தண்டு விடும், அதைப் பார்த்து வெற்றி என்று எழுதுவார்கள், பிறகு வராது. கட்டுமானத்துக்கு வழிவிட இடமாற்றம் ஒரு மாற்று ஏற்பாடு என்று யாராவது முன்வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மகரந்தம் கையால் தடவுவதும் பெரும்பாலும் தேவையில்லை. இது தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கும் செடி. பூத்தும் காய்க்கவில்லை என்றால் பூச்சியைத் தேடாமல் நிழலையும் மானையும் தேடுங்கள்.

விதையைக் கொண்டு செய்யக்கூடிய பயனுள்ள வேலை, அந்த மண்ணில் ஏற்ற பூஞ்சை இருக்கிறதா என்று சோதிப்பது. ஸ்மித்சோனியன் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தில் பழக்கத்துக்கு வந்த முறை இது. பழைய ஸ்லைடு படச் சட்டத்துக்குள், விதை வெளியே போகாமல் பூஞ்சை இழை மட்டும் நுழையும் அளவு நுண்கண் நைலான் வலையை வைத்து, சில நூறு விதையை மடித்துச் சட்டத்தை மூடுவார்கள். அதை நூல் கட்டிச் சருகுக்கும் மண்ணுக்கும் நடுவில் செருகி, நூலின் முனையில் எண் தொங்கவிடுவார்கள். எடுத்துப் பார்ப்பது ஒரு வருடமோ அதற்கு மேலோ கழித்து. நுண்ணோக்கியில் விதை உப்பி உறையைக் கிழித்திருந்தால் பூஞ்சை அங்கே இருக்கிறது. விதை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். ஒரு காயை முழுதாக எடுக்காமல், வெடிக்கும் தறுவாயில் பாதியைத் தட்டி எடுத்து மீதியை நின்ற இடத்திலேயே உதிரவிடுங்கள். சட்டங்களைப் புதைக்கும்போது செடியிலிருந்து அரை மீட்டருக்குள் கத்தியை இறக்காதீர்கள். எத்தனை புதைத்தீர்கள், எத்தனை திரும்ப எடுத்தீர்கள் என்ற இரண்டு எண்களையும் அந்த இடத்தின் பத்து வருடப் பதிவேட்டிலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு கண்காணிக்க வருகிறவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.